ஒரு பிடி மக்காச்சோளம்: யார் கணக்கில்?

பட்டினப்பாலையில் ஒரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் தானியம் காய்ந்துகொண்டிருக்கிறது. கோழி ஒன்று வந்து கொத்துகிறது. அதை விரட்டப் பெண்ணொருத்தி தன் காதில் கிடந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை தரையில் கிடந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது.

சோழர் தலைநகரின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகத்தான் நம் ஆசிரியர்கள் இதை நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது சரியே. ஆனால் நாமக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக டில்லி வந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே ரேஷன் கார்டு வைத்திருக்கும் எனக்கு, அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்றும் தோன்றும். கோழி தின்ற தானியத்துக்குக் கணக்குப் பார்த்தவர்களில் நம் இலக்கியம் காட்டும் முதல் ஆள் அவளாகத்தான் இருக்கவேண்டும்! ஒரு பிடி தானியத்தைக் காக்க ஒரு பொற்குழை. கணக்கு உதைக்கிறது என்றாலும், தானியம் என்றால் சும்மா இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். பறவைக்கும் விலங்குக்கும் மனிதன் போடும் சோளத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

கோழி வந்ததே தானியத்தால்தான்

கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழி. அது எப்போது வீட்டுக்கு வந்தது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. 2022இல் வெளிவந்த ஆய்வுகள் ஓரளவு தெளிவு தந்தன. நடுத் தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள்தாம் இதுவரை உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய வீட்டுக்கோழியின் எலும்புகள் என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் அவை கூறின. அதைவிடச் சுவையான செய்தி, கோழி ஏன் வந்தது என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம். மனிதன் மேட்டுநிலத்தில் நெல்லும் சிறுதானியமும் விதைக்கத் தொடங்கினான். களத்தில் சிந்தியதைப் பொறுக்கக் காட்டுக்கோழி மரத்தைவிட்டு இறங்கி வந்தது. வந்தது போகவில்லை.

நம் முன்னோர் இதை வேறு விதமாகக் குறித்து வைத்தார்கள். ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது உணவையும் புள்ளையும் சேர்த்தே சொன்னார்கள். முல்லைக்கு உணவு வரகும் சாமையும், பறவை காட்டுக்கோழி. குறிஞ்சிக்கு உணவு தினையும் மலைநெல்லும். பறவை கிளியும் மயிலும். எங்கே என்ன விளைகிறதோ, அங்கே அதைத் தின்ன ஒரு பறவை உண்டு. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி விரட்டிய பெண்களைப் பற்றிய பாடல்கள் காதல் பாடல்கள்தாம். ஆனால் அந்தக் காதலுக்கு அரங்கம் அமைத்துக் கொடுத்தது பயிர்க்காவல் என்ற கூலியில்லா வேலை.

அம்மிச்சியின் கோழிகள்

என் அம்மிச்சி பத்துப் பன்னிரண்டு கோழிகள் வளர்த்தார். தீவனம் என்று காசு கொடுத்து எதையும் வாங்கியதில்லை. கேட்டால், "கோழிக்கு எவனாச்சும் காசு குடுத்துத் தீனி வாங்குவானா சாமி? அது பொறுக்கித் தின்னுக்கும்" என்பார். அரிசி புடைத்த நொய், மாட்டுச்சாணத்தில் இருக்கும் புழு, களத்தில் சிந்திய கம்பு, எறும்பு, கரையான் எல்லாம் அதன் சாப்பாடு. பதிலுக்கு ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டை இடும். அடை வைத்தது போக மீதி வீட்டுக்கு. கீரியும் பருந்தும் கொண்டுபோனது போக மிச்சம் மாமன் வந்தால் குழம்புக்கு.

இந்தக் கணக்கில் தீனிச் செலவு ஏறக்குறைய சைபர். வரவும் குறைவு. ஊரில் எல்லாக் குழந்தைக்கும் தினம் ஒரு முட்டை என்பது அந்தக் கோழியால் ஆகிற காரியமில்லை. அதற்கு வேறு கோழி வேண்டியிருந்தது. அந்தக் கோழிக்கு வேறு தானியம் வேண்டியிருந்தது.

மக்கா போகாத மக்காச்சோளம்

அந்தத் தானியம் கடல் கடந்து வந்தது. இன்றைக்குச் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கு மெக்சிகோவில், தியோசின்டே என்ற புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள் அந்நாட்டுப் பழங்குடி உழவர்கள். 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அது ஐரோப்பா வந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியா வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் கருத்து.

இதற்கு ஒரு மறுப்பும் எழுந்தது. மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் ஹொய்சளர் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய கேசவர் கோயில் சிற்பங்களின் கையில் மக்காச்சோளக் கதிர் போன்ற ஒன்று இருக்கிறது. எனவே கொலம்பஸுக்கு முன்பே அது இங்கே இருந்தது என்று கார்ல் ஜோஹன்னசன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989இல் எழுதினார். அது கதிரே அல்ல, முத்துகளால் ஆனதாகச் சிற்பிகள் கற்பித்த முக்தாபலம் என்ற கனி என்று இந்திய மக்காச்சோள ஆய்வாளர்கள் மறுத்தார்கள். விடுமுறையில் மைசூர் போகிறவர்கள் அந்தக் கோயிலுக்கும் போய், குழந்தைகளிடம் காட்டிக் கேளுங்கள். நல்ல பொழுதுபோக்கு.

பெயரில் வரும் மக்கா அரபு நாட்டு நகரத்தைக் குறிப்பது என்பார்கள். அந்த ஊருக்கும் பயிருக்கும் தொடர்பில்லை. கப்பலில் வந்த புதுச்சரக்குக்குத் தூரத்து ஊர்ப்பெயர் வைப்பது உலக வழக்கம். இத்தாலிக்காரர்கள் இதையே துருக்கித் தானியம் என்கிறார்கள். நாம் நம் பழைய சோளத்தோடு மக்காவைச் சேர்த்துக்கொண்டோம். வடக்கே சோளத்தை விட்டுவிட்டு மக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பஞ்சாபில் அது குளிர்காலத்து ரொட்டியானது. டில்லியில் மழைக்காலத்துத் தெருவோரக் கரி அடுப்பில் எலுமிச்சையும் உப்பும் தடவிய புட்டாவானது. நம் பிள்ளைகளுக்குப் பாப்கார்ன்.

ஆக, மனிதன் தின்னத்தான் அது வந்தது. கோழிக்கு என்று போனது பிற்பாடு.

தீவனமான கதை

1950-51இல் இந்தியா முழுக்க விளைந்த மக்காச்சோளம் 17 லட்சம் டன் சொச்சம். ஹெக்டேருக்கு 550 கிலோகூட இல்லை. 1957இல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆய்வுத் திட்டம் தொடங்கியது. 1961இல் கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் என்ற முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. விளைச்சல் ஏறியது. 2024-25இல் 430 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. இதில் பாதிக்கும் மேல் பல ஆண்டுகளாகக் கோழிக்கும் கால்நடைக்குமே போய்வந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் கோழி மாறியது. 1971இல் டாக்டர் பி.வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கினார். ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் கோழிகள் பண்ணைக்கு வந்தன. 1982இல் அவர் முன்னின்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது. வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த நிலைமாறி, பண்ணைக்காரர்கள் கூடித் தங்கள் முட்டைக்கு விலை அறிவிக்கத் தொடங்கினார்கள். தினம் முட்டை சாப்பிடச் சொல்லி தூர்தர்ஷனில் அவர்கள் போட்ட ஹிந்தி விளம்பரத்தை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அதே 1982இல்தான் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது. முதலில் எப்போதாவது ஒன்று. பிறகு வாரம் ஒன்று. 2010இலிருந்து பள்ளி நடக்கும் ஐந்து நாளும். மழை குறைந்த, காய்ந்த, லாரித் தொழில் தழைத்த நாமக்கல் பூமி, அந்த முட்டைக்குத் தாய்வீடானது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த 85 கோடிக் கோழியினப் பறவைகளில் 12 கோடி தமிழ்நாட்டில் இருந்தன. மாநிலங்களில் அதுவே முதலிடம்.

அம்மிச்சியின் கோழி பொறுக்கித் தின்றது. கூண்டுக்கோழிக்கு அந்த வழியில்லை. தின்பது முழுக்கக் காசு. அதன் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். மீதி சோயாப் புண்ணாக்கு, தவிடு, ஓட்டுக்குக் கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல். சோளம் கோழிக்குத் தெம்பு தருகிறது. மஞ்சள் சோளம் முட்டைக் கருவுக்கு மஞ்சளையும் தருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணைக்கு நாளுக்கு 11 டன் தீவனம். அதில் பாதி, ஐந்தரை டன், மக்காச்சோளம். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் அன்றைக்கு 27,500 ரூபாய் கூடுதல் செலவு. மாதத்துக்கு எட்டேகால் லட்சம். நூற்றுக்கு 85 கோழி முட்டையிடுகிறது என்று வைத்தால், முட்டைக்கு 32 பைசா. வீட்டுக்காரிக்கு 32 பைசா பெரிதில்லை. ஆனால் பண்ணை விற்கும் முட்டையில் பல நாள் இலாபமே அவ்வளவுதான். மொத்த உற்பத்திச் செலவில் நூற்றுக்கு அறுபத்தைந்து எழுபது தீவனம் என்றால் வேறெப்படி இருக்கும்?

ஊரில் பண்ணை வைத்திருக்கும் என் மாமன் மகன் ஒருமுறை போனில் சொன்னார்: "மில்லுக்காரன் நூல் விலை எறங்குச்சுன்னா சுவிச்ச அமத்திட்டு வூட்டுக்குப் போயிருவான் மாப்ளே. எனக்கு அப்படியா? காலைல அஞ்சு மணிக்கு லைட்டப் போட்டா லட்சம் கழுத்து தொட்டிக்கு வெளிய நீளுது. சோளம் இன்னிக்கு வெல ஜாஸ்தின்னு அதுங்ககிட்ட எப்படிச் சொல்லட்டும்?"

கதிருக்கு எத்தனை கை

தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி என்று பல மாவட்டங்களில் மக்காச்சோளம் விளைந்தாலும் நாமக்கல்லுக்கு அது போதாது. கர்நாடகத்தின் தாவணகெரே, ஹாவேரியிலிருந்து லாரி வரும். பீகாரின் பூர்ணியா பக்கம் குலாப்பாக் சந்தையிலிருந்து சரக்கு ரயில் வரும். கோசி நதிக்கரையில் பீகார் உழவர் குளிர்காலத்தில் விதைத்தது, கோடையில் கொங்குநாட்டுக் கோழியின் தொட்டியில் விழுகிறது. நாம் வேலைக்காக வடக்கே வந்தோம்; அவர்கள் சோளம் தெற்கே போகிறது. நம் சங்கத்தார் நாட்டு ஒற்றுமை பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கதிரை நோக்கி நீளும் கைகள் பல. 2008இல் உலகச் சந்தையில் தானிய விலை எகிறியது. அமெரிக்காவில் சோளத்தை எரிசாராயமாக்கியதும் அதற்கு ஒரு காரணம். நம் வியாபாரிகள் ஏற்றுமதியில் இறங்க, உள்ளூரில் விலை ஏற, கோழிப்பண்ணையாளர் கூக்குரலிட, அந்த ஜூலையில் மத்திய அரசு அக்டோபர் நடுப்பகுதிவரை மக்காச்சோள ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கோழி பிழைத்தது. நல்ல விலை பார்க்கவிருந்த உழவர் கை கட்டப்பட்டது.

2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் ஒரு புது விருந்தாளி கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு. சில மாதங்களில் தமிழ்நாட்டுக் காடுகளிலும் குருத்தைத் தின்று பயிரைச் சல்லடையாக்கியது. மக்காச்சோளம் வந்த அதே கண்டத்திலிருந்து, ஐந்நூறு ஆண்டு பிந்தி, அதன் எதிரியும் வந்து சேர்ந்தது. மருந்துச் செலவு உழவர் தலையில். சோள விலை பண்ணைக்காரர் தலையில்.

2020 தொடக்கத்தில் நேர்மாறு நடந்தது. கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி கிளம்பியது. கோழியை வாங்க ஆளில்லை. பின்னாலேயே சோள விலையும் விழுந்தது. 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் வந்தபோதும் இதே கதைதான். கோழிக்கு நோய் வந்தால், கோழி சாப்பிடாத உழவரின் சோளத்துக்கும் விலை விழும் என்பதை அன்று உழவர்கள் கற்றார்கள். 2021இல் மறுபடியும் தீவனம் எட்டாத உயரத்துக்குப் போக, மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது.

இப்போது வந்திருக்கும் கை பெட்ரோல் பங்க்கின் கை. எத்தனால் கலப்புக்குக் கரும்பைக் குறைத்து மக்காச்சோளத்தை ஊக்குவித்ததில், 2023-24இல் எத்தனாலில் ஐந்தில் இரண்டு பங்கு மக்காச்சோளத்திலிருந்தே வந்தது. ஒரு டன் சோளத்திலிருந்து 380 லிட்டர் போல் கிடைக்கும். ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் லட்சக்கணக்கான டன்னை இறக்குமதி செய்தது. 2025இல் பெட்ரோலில் 20 விழுக்காடு கலப்பு எட்டப்பட்டது. உழவர்களும் நம்பி அதிகம் விதைத்தார்கள். விளைச்சல் பெருகியது. அந்த ஆண்டு முடிவில் கர்நாடகச் சந்தைகளில் விலை, குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என்ற ஆதார விலைக்கு வெகு கீழே இறங்கி, உழவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

ஏறினால் பண்ணைக்காரர் அழுகை, இறங்கினால் உழவர் அழுகை. இருவரும் நம் பங்காளிகள்தாம். பல குடும்பத்தில் அண்ணன் உழவர், தம்பி பண்ணைக்காரர். இதில் யார் பக்கம் நியாயம் என்று டில்லியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. முட்டை விலை ஐம்பது பைசா ஏறியதும் "கொள்ளையடிக்கிறான்" என்று கடைக்காரரிடம் கத்துகிறோமே, அதற்குமுன் இந்தக் கதையை நினைக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

ரசீது இல்லாத தீனி

பண்ணைத் தீனிக்காவது ரசீது உண்டு. காட்டுயிர் தின்பதற்கு ரசீது கிடையாது.

மயில் 1963இல் நம் தேசியப் பறவையானது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உயர்ந்த பாதுகாப்புத் தந்தது. வேண்டியதுதான். ஆனால் கொங்குநாட்டிலும் தென்மாவட்டங்களிலும் மயில் பெருகி, விதைத்த விதையையும் முளைத்த நாற்றையும் கொத்துகிறது. கதிர் பால்பிடிக்கும் நேரம் காட்டுப்பன்றி வந்தால் தின்றதைவிட ஒடித்ததே அதிகம். சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கம் யானை வரும். பழைய சேலைகளை வேலியாகக் கட்டி, பரண்மேல் டார்ச் லைட்டோடு ராத்திரி முழுக்க உழவர் உட்கார்ந்திருக்கிறார். குறிஞ்சிப் பாட்டில் வரும் அதே பரண். காதல் மட்டும் இல்லை. 2025இல் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று ஆணையிட்டது. நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

விரும்பிப் போடும் தீனியும் உண்டு. ராஜஸ்தானின் பலோதி அருகே கீச்சன் கிராமத்தில், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்காக வந்திறங்கும் கொக்கினப் பறவைகளுக்கு ஊர்மக்கள் பல பத்தாண்டுகளாகச் சோளம் இறைத்துவருகிறார்கள். 2025இல் அந்த ஊரின் ஈரநிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே செலவு யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். நன்கொடை தருகிறவர் உண்டு, மூட்டைக் கணக்கு உண்டு, அடைத்த இடம் உண்டு, நேரம் உண்டு.

நம் நகரங்களில் அப்படியில்லை. பத்து ரூபாய்க்குச் சோளம் வாங்கி நாற்சந்தியில் புறாவுக்கு வீசிவிட்டுப் புண்ணியம் சேர்ந்தது என்று காரில் ஏறிவிடுகிறோம். எச்சமும் தூசியும் அடுத்த வீட்டுக் கிழவர் நுரையீரலுக்குப் போகின்றன. மும்பையில் 2025இல் தாதர் புறாக்கூடத்தை மாநகராட்சி மூடியபோது கிளம்பிய சச்சரவு நாடறிந்தது. டில்லியில் குரங்குக்குப் போட்டுப் போட்டு, அது வீட்டுக்குள் வந்த பிறகு, பிடித்து அசோலா பட்டிக்கு அனுப்ப 2007இல் உயர்நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

கூடவே ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறதென்று பூசணம் பிடித்த சோளத்தைப் பறவைக்குப் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, பூசணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு தெரியவந்தது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் தின்ற ஏழைகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். நாம் தின்ன மாட்டோம் என்று ஒதுக்கியது பறவைக்கும் தர்மமாகாது.

முடிவாக

பறவைக்குத் தானியம் போடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. கோழி நம்மிடம் வந்ததே சிந்திய தானியத்துக்காகத்தான். பள்ளிப்பிள்ளை தட்டில் முட்டை இருக்கவேண்டும், மயிலும் இருக்கவேண்டும். கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிடிச் சோளம் யார் கணக்கில்? பண்ணைக்காரர் தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். ஏற்ற இறக்கத்தை நாம் பங்குபோட்டுக்கொள்ளலாம். மயிலும் பன்றியும் தின்றது நாட்டுக்காக என்றால், அந்தக் கணக்கு நாட்டுடையது. பரண்மேல் விழித்திருக்கும் ஒருவருடையது மட்டுமல்ல. பயிர்ச்சேதத்துக்கு இழப்பீடு என்பது பிச்சையல்ல, நாம் வைத்த கடன்.

பூம்புகார்ப் பெண் எறிந்த குழை அவளுடையது. தன் தானியத்துக்குத் தன் நகையையே எறிந்தாள். நாம் எறிவது பெரும்பாலும் அடுத்தவர் குழையாக இருக்கிறது. அடுத்த முறை புறாவுக்குக் கை நிறைய அள்ளும்போதும், கடையில் முட்டைக்குப் பேரம் பேசும்போதும் அதை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம்.